பாக்கியம் வேதத்தில் சேர நினைத்தது

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அரிசிக்காக வரிசையில் நின்றோம். மரவள்ளிக்கிழங்கே தின்று அலுத்துப்போன எங்கள் கண்ணில் அரிசி பட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்கு முன்னால் பால்மரம் சீவும் பெண்கள் இருவர் நின்றார்கள். ஒருத்தி பாக்கியம், மூத்தவள் ஆரோக்கியம், கிறிஸ்தவ வேதக்காரி.

"அக்கா, என் புருஷன உங்க வேதத்துல சேத்துக்குவாங்களா?" என்று பாக்கியம் திடீரென்று கேட்டாள்.

"ஏன்டி?"

"அந்த மனுசன் கீழ் லயத்துக்காரிய ரெண்டாந்தாரமா கொண்டாரப் போறானாம். உங்கள்ல ஒண்ணுதானே கட்டலாம்?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

"நல்ல கட்டுப்பாடுக்கா!"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான் அது கட்டுப்பாடு. எனக்கு விடுதலைலா. பல்லி கத்தினாலும் பயமில்ல, ராகுகாலம்னாலும் பயமில்ல. நிம்மதியாத் தூங்குறேன்."

"அப்ப நானும் சேந்துடறேன். நான் என்ன செய்யணும்?"

"மன்னிக்கணும்."

"யார?"

"உன் புருஷனத்தான். கீழ் லயத்துக்காரியையும்."

"அவளையுமா!" என்று பாக்கியம் கத்திவிட்டாள். துப்பாக்கியோடு நின்ற ஜப்பான் சிப்பாய் திரும்பிப் பார்க்க, வரிசை மொத்தமும் பதறிப்போய்க் குனிந்து வணங்கியது. நிமிர்ந்ததும் அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"சேர்றதுக்கு முன்னாடி அந்த மனுசன நாலு சாத்து சாத்திட்டா?"

ஆரோக்கியம் யோசித்தாள். "ஞானஸ்நானத்துக்கு முந்தின பாவமெல்லாம் கழுவிப் போயிடும்னு சாமியார் சொல்வாரு."

எங்களுக்கு முன்னால் இன்னும் மூன்று பேர்தான் இருந்தார்கள். பாக்கியம் தன் பையை ஆரோக்கியத்தின் கையில் திணித்தாள்.

"என் பங்கையும் வாங்கி வைங்கக்கா. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வந்துடறேன்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லயத்து வீடுகளை நோக்கி நடந்தாள்.