மோட்டார் சைக்கிள் பிரியர் அல்லாதவருக்கு

வெளிச்சத்துக்கு எதிரே புட்டியைத் தூக்கிப் பிடித்து, மயிரிழைக் கீறலையும் தப்பவிடாத கூர்விழியாளரே! நயந்து பேசவும் பயந்து பேசவும் பழகாத நாவுடையவரே! எங்கள் கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையின் தர ஆய்வாளரே, தலைநிமிர்ந்து வந்து தலைநிமிர்ந்தே விடைபெறும் பெருமகனே, வணக்கம்.

இன்று உங்கள் பணி ஓய்வு விழாவில் வாசித்தளிக்க நிர்வாகம் ஒரு மடலை அச்சடித்துச் சட்டமிட்டு எங்களிடம் அனுப்பியிருந்தது. "மோட்டார் சைக்கிள் மீது கொண்ட தீராத காதலால் நிறுவனப் பேருந்தின் வசதியையும் துறந்தவர்" என்று அதில் ஒரு வரி. படித்தவுடன் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு இதை எழுதினோம். கீறல் விழுந்த புட்டியை நல்ல புட்டிகளோடு சேர்த்து நீங்கள் ஒருநாளும் அனுப்பியதில்லை. ஒரு பொய்க்குப் பூச்சூட்டி உங்கள் வீட்டுக்கு அனுப்ப எங்களுக்கும் மனம் வரவில்லை.

இந்த அரங்கில் பாதிப்பேர் பிற்பாடு வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்காகச் சற்று நேரம் உங்களை 'அவர்' என்று சொல்கிறோம், பொறுத்தருள்க.

அவருடைய மனைவி அப்போது இதே ஆலையில் புட்டிகளைப் பெட்டியில் அடுக்கும் பிரிவில் இருந்தார். இப்போது வாசிக்கும் இந்த மடலை எங்களுக்காக எழுதியவருக்கு உடன்பிறந்த தங்கை. வயிற்றில் ஏழு மாதக் குழந்தை. நாள் முழுக்க நின்று கால் வீங்கியிருந்ததால், மாலைப் பேருந்தில் ஏறியதும் முதல் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். முன் இரண்டு வரிசை அதிகாரிகளுக்கானது. அன்றைக்கு அதிகாரிகள் யாருமே அதில் இல்லை. வண்டியைப் பார்வையிட வந்த ஆலையின் போக்குவரத்து அதிகாரி படியில் நின்றபடி, "எழுந்திரும்மா, இது யாரோட சீட்டுன்னு தெரியாதா?" என்றார்.

பின்னிருக்கையிலிருந்து நம் ஆய்வாளர் எழுந்து வந்தார். "சார், அவளுக்கு ஏழாம் மாசம். சீட்டு காலியாத்தானே இருக்கு."

"காலியா இருந்தாலும் அது அதிகாரிங்க சீட்டு. நிக்க முடியாதவங்க எதுக்கு வேலைக்கு வரணும்? பிடிக்கலைன்னா இறங்கிக்க."

இறங்கினார்கள். மனைவியின் கையைப் பிடித்து, அவசரப்படாமல், எல்லோரும் பார்க்க இறங்கினார். இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் அவர் கால் அந்தப் படியில் படவில்லை.

குழந்தை பிறந்து மனைவி வேலைக்குத் திரும்பும் முன், கைமாறிக் கைமாறி வந்த ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார். நிர்வாகத்தாரே, காதல் என்றா எழுதுகிறீர்கள்? அவருக்கு அந்த வண்டியைக் கண்டாலே குலை நடுங்கும். ஓட்டப் பழகும்போதே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவர். லாரி எதிரே வந்தால் ஓரங்கட்டி, இறங்கி நின்று, அது போன பிறகுதான் கிளம்புவார். மிதிவண்டியில் போகிறவர்கள்கூட முந்திக்கொண்டு, "என்னங்க, ஓட்டுறீங்களா, தள்ளிட்டுப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பயத்தோடுதான் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஒவ்வொரு நாளும் வந்தார். ஒரு மனிதர் பயத்தை விழுங்கி மானத்தைக் காத்ததை வண்டிப் பிரியமாக எழுதிய கையை என்னவென்று சொல்வது?

ஒருநாள் அடைமழை. பேருந்து ஓட்டுநர் வண்டியை அவர் அருகே நிறுத்திக் கதவைத் திறந்தார். "ரெண்டு பேரும் ஏறிக்குங்க. உள்ள ஒருத்தரும் இல்ல, யாரும் பாக்கல."

"எல்லாரும் பாக்கத்தானே இறங்கினோம். யாரும் பாக்காதப்ப எப்படி ஏறுறது?" என்றார் அவர், தலையிலிருந்து தண்ணீர் வழிய.

அந்தப் போக்குவரத்து அதிகாரி இன்று பொதுமேலாளர். இதே மேடையில் அமர்ந்திருக்கிறார். அன்றைய சொல்லுக்கு அவரிடமிருந்து இன்றுவரை ஒரு வருத்தச் சொல் வரவில்லை. வாசலில் பூ கட்டிய பேருந்து மட்டும் வந்திருக்கிறது, முன்னிருக்கையில் பட்டுத் துணி விரித்து. அதில் நம் ஆய்வாளரை ஏற்றி வீட்டில் இறக்கிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைக்கிறார்கள்.

பெருமகனே, இனி உங்களிடமே பேசுகிறோம். ஏறுங்கள் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. ஏறாதீர்கள் என்று சொல்ல எங்களுக்கும் இல்லை. யாரை எழுப்பினார்களோ அவரைத்தான் கேட்க வேண்டும். காலையில் உங்கள் வீட்டுக்கு வந்து கேட்டோம். கைவேலையை நிறுத்தாமலே சொன்னார்: "அந்த சீட்டுக்கு நான் ஆசைப்பட்டதே இல்ல. அன்னிக்குக் கால் வலிச்சது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் வந்த வண்டியிலேயே போறோம். அவரை மெதுவா ஓட்டச் சொல்லுங்க, போதும்."

இதற்கு மேல் மெதுவாக எப்படி என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லே முடிவு. வாசலில் உங்கள் வண்டியைத் துடைத்து நிறுத்தியிருக்கிறோம். அரங்கின் மூன்றாம் வரிசையில் இருக்கும் உங்கள் துணைவியார் பின்னால் ஏறிக்கொள்ளட்டும். நாங்கள் பேருந்தில் உங்கள் பின்னே வருவோம். ஓட்டுநர் முந்த மாட்டார், ஹாரன் அடிக்க மாட்டார், வாக்குக் கொடுத்திருக்கிறார். பட்டு விரித்த முன்னிருக்கை காலியாகவே வரும். நிர்வாகத்தார் வர விரும்பினால் எங்களோடு பின்னால் நிற்கலாம்.

லாரிகள் ஒதுங்கி வழிவிட, வண்டிப் பயம் தீர்ந்து, கண்ணொளி குன்றாமல், இல்லாளும் பிள்ளையும் சூழ நெடுங்காலம் நலமோடு வாழ்க!

இங்ஙனம்,
தர ஆய்வு, அடுக்கும் பிரிவு, கிடங்குப் பணியாளர்களும் பேருந்து ஓட்டுநரும்

எழுதியவர்: ஓய்வு பெற்ற கிடங்கு மேற்பார்வையாளர், துணைவியாரின் தமையன்