தட்டிப் பார்க்கக் கூடாத இரும்பு

தலைமை ஏற்றிருக்கும் ஊர்த்தலைவர் சொம்வாங் அவர்களே, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்த வந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளையை முதுகில் சுமந்து மலையேறி வந்திருக்கும் தாய்மார்களே, இந்தப் புதிய வகுப்பறையின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகத் தயங்கி நிற்கும் என் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஏன் தயங்குகிறார்கள்? போர் கண்ட இந்தச் சியாங்குவாங் மண்ணில் பிறந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். பழைய வகுப்பறையில் அது நடந்த அன்று, பக்கத்து அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவன் நான்.

வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொல்லியிருந்தார் விலாய் டீச்சர். மரமா, மண்ணா, கண்ணாடியா, இரும்பா? எது மிதக்கும், எது மூழ்கும்? எது வளையும், எது உடையும்? தொட்டுப் பார், தூக்கிப் பார், தட்டிப் பார். அதுதான் பாடம். அகப்பையைத் தட்டினார்கள். கண்ணாடிக் குப்பியைத் தட்டினார்கள். மூங்கில் தட்டிக்கு அப்பால் சிரிப்பொலி கேட்டது. பிறகு அது சட்டென்று நின்றது.

தாவோன் என்ற சிறுமி தன் சோற்றுக்கூடையைத் திறந்திருந்தாள். அவள் கையில் கொய்யாக்காய் அளவில், துருவேறிய ஓர் உருண்டை. இன்னொரு கையில் குச்சி.

"வர்ற வழியில ஓடைக்கரையில கெடந்துச்சு டீச்சர். இரும்புதான். நீங்க தட்டுறீங்களா, நான் தட்டவா?"

அவையோரே, போர் விமானத்திலிருந்து விழுந்து, வெடிக்க மறந்து, நம் பாட்டன் காலம் முதல் மண்ணுக்குள் மறைந்து கிடந்த மரணம் அது. ஒரு தட்டுத் தட்டியிருந்தால்?

"குச்சிய எங்கிட்ட குடு கண்ணு. உருண்டைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்க. ஆடாம நில்லு. மத்தவங்க எல்லாம் ஓடாம, தள்ளாம, வெளிய போங்க" என்றார் விலாய் டீச்சர்.

பிள்ளைகள் வெறுங்காலோடு வந்தார்கள். எல்லோரையும் கூட்டிப்போய் வரப்புக்குப் பின்னால் படுக்க வைத்தேன்.

'டீச்சரும் ஓடியிருக்கலாமே' என்கிறார் பின்வரிசைத் தம்பி. ஓடியிருக்கலாம், தம்பி. அந்தக் குழந்தையும் பின்னாலேயே ஓடிவந்திருக்கும், குண்டோடு.

உள்ளே நடந்ததை விலாய் பிறகு சொன்னார். தாவோனின் உள்ளங்கை வியர்த்து, உருண்டை வழுக்கப் பார்த்தது. விலாய் தன் சால்வையைத் தரையில் விரித்துச் சுருட்டி, நடுவில் பள்ளம் வைத்தார்.

"இரும்பு எப்படிம்மா இருக்கு?"

"குளுருது டீச்சர். கனமா இருக்கு. டீச்சர், இது அதுவா?"

"அதுதான். என்னையே பாரு. இந்தத் துணி எப்படி இருக்கும்?"

"மெத்துன்னு."

"அதுல உருண்டை உருளுமா?"

"உருளாது."

"அப்ப என்கூடவே மெல்ல உக்காரு. வச்சிரு. கைய எடுத்துக்க."

வைத்தாள். இருவரும் நடந்தே வெளியே வந்தார்கள். வரப்பைத் தாண்டிய பிறகுதான் விலாய் தாவோனின் கையை விட்டார். அவர் மண்ணில் சரிந்து விழுந்து அழுதார்.

குண்டு தேடும் குழு வந்தது. நகர்த்த முடியாதென்று இருந்த இடத்திலேயே வெடிக்க வைத்தது. கூரை போனது, சுவர் போனது, நாங்கள் எழுதிய கரும்பலகை போனது. பிள்ளைகள் பிழைத்தார்கள்.

ஆனால் கேளுங்கள். அடுத்த வாரம் மரத்தடியில் அதே பாடம். 'ஆளுக்கொரு பொருள் கொண்டு வாங்க' என்றார் விலாய். அத்தனை பிள்ளைகளும் வெறுங்கையோடு வந்தார்கள். ஒரு கரண்டியைத் தொடவும் நடுங்கினார்கள். கல்லைக் கண்டால் அச்சம். களிமண்ணைக் கண்டால் அச்சம். தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வயதில் உலகத்தையே தொட அஞ்சினால், அவர்கள் எதைக் கற்பார்கள்? எப்படிக் கற்பார்கள்?

பெரியவர்களே, தேடும் குழு நாளை ஓடைக்கரை வயல்களுக்கு வருகிறது. நடவு தள்ளிப்போகும் என்று சிலர் வேலியைத் திறக்க மறுக்கிறீர்கள். உங்கள் கவலை எனக்குத் தெரியும். நானும் உழுகிறவன். என் வயலிலும் மண்வெட்டியை ஓங்கும்போதெல்லாம் மூச்சை அடக்குகிறேன். இந்த ஒரு நடவு தள்ளிப்போகட்டும். வேலியைத் திறந்துவிடுங்கள்.

தாய்மார்களே, துருவேறிய உருண்டையைக் கண்டால் தொடாதே, நகர்த்தாதே, ஓடிவந்து சொல் என்று இன்றே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் அவர்கள் அஞ்சட்டும். மற்ற அனைத்தையும் அள்ளி எடுக்கட்டும்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி. பிள்ளைகளே, நான் முதலில் உள்ளே போகிறேன். பின்னால் வாருங்கள். வணக்கம்.