கோழிக்காகக் கேட்டவன்

கோழிக்கறி எனக்குப் பிடிக்கும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிற ஒருவன் விசர் பிடித்துச் செய்த வேலை என்று வெளியே கதை போகிறதாம். அது பிழை. கிழமைக்கு இரண்டு தடவை கோழி சாப்பிடுகிறவன் நான்.

சார்ஜன்ட் ஐயா சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் நான் கையெழுத்து வைக்கவில்லை. அவர் நல்ல மனிதர், ஒவ்வொரு வரியையும் விளங்கப்படுத்தினார். ஆனால் வாசிக்கத் தெரியாத கடதாசியில் கையெழுத்து வைக்காதேங்கோ என்று முப்பத்தொரு வருடம் சனத்துக்குச் சொன்னவன் நான். அதனால் இதை என் கையால் தமிழில் எழுதுகிறேன். பெயர் சிற்றம்பலம், வயது அறுபத்தாறு. துணுக்காயில் உப தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கிளிநொச்சியில் தனியே இருக்கிறேன்.

ஒரு பொதி வந்தால் எங்கிருந்து வருகிறது, உள்ளே என்ன என்று கேட்பது என் தொழில். ஓய்வுக்குப் பிறகு அந்தப் பழக்கம் சாப்பாட்டுக் கடைகளுக்குள் வந்துவிட்டது. ஒருநாள் கண்டி வீதியில் ஒருவன் இருபது கோழிகளைக் காலில் கட்டி, மோட்டார் சைக்கிளில் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு போனான். ஒன்றின் தலை ரோட்டில் உரசிக்கொண்டே போனது. நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில்தான் அவன் போய் நின்றான். அன்று சோறு முன்னால் வந்ததும் கேட்டேன். இந்தக் கோழி எங்கே வளர்ந்தது, எவ்வளவு இடத்தில் வளர்ந்தது, வெட்டும் முன் அதற்குத் தண்ணீர் வைத்தீர்களா.

"ஐயா, அது செத்துப்போச்சு. இனி என்னத்துக்கு அதின்ரை சுகம் விசாரிக்கிறியள்?" என்றார் பரிமாறியவர். கடை முழுக்கச் சிரித்தது.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் பிறகு போகவேயில்லை. இன்னும் ஐந்து கடைகளில் கேட்டேன். ஒரு கடையில் கோழி எங்கிருந்து வருகிறதென்று தங்களுக்கே தெரியாது என்றார்கள். இன்னொன்றில் இனிமேல் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத மனிதரை என்னால் பொறுக்க முடியாது.

ஐந்தாவது கடைக் கனகலிங்கம் அப்படியில்லை. கடை முதலாளியே கதிரை இழுத்துப் போட்டு என்னை இருத்தினார். "சேர், உங்களை மாதிரிப் படிச்ச ஆக்கள் கேக்கத்தான் வேணும்" என்றார். வட்டக்கச்சியில் ஒரு மனிசி தனக்குக் கோழி வளர்த்துத் தருவதாகச் சொல்லி, போய்ப் பாருங்கோ என்று வழியும் காட்டினார். ஒளிப்பதற்கு எதுவும் இல்லாதவர் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த மனிசிதான் பேச்சியம்மா. மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். புருஷன் இல்லை. வளவின் கோடியில் கம்பிவலை அடித்த கொட்டில் ஒன்று, வெயில் படுகிற பக்கமெல்லாம் ஈரச் சாக்கு. உள்ளே முந்நூறு கோழிகள். அளந்து பார்த்தேன். ஒரு கோழிக்கு வந்த இடம், விரித்த ஏரோகிராம் கடிதம் ஒன்றின் அளவு.

"நான் என்னாங்க ஐயா பண்றது? குஞ்சும் தீனும் மொதலாளி தர்றாரு. எத்தனை குஞ்சுன்னும் அவருதான் சொல்லுவாரு" என்றாள்.

தன் பிழையைக் கனகலிங்கம் போன்ற பெரிய மனிதரின் தலையில் போடுகிறாள் என்று விளங்கியது. சாக்கு என்னத்துக்கு என்றேன். வெக்கை தணிக்கவாம், நாளுக்கு நாலு தடவை கிணற்றில் அள்ளி நனைக்கிறாளாம். ரோட்டால் போகிறவர் கண்ணில் கொட்டில் படாமல் மறைக்கிறாள் என்பதை நான் அப்போதே கண்டுகொண்டேன். தேத்தண்ணி தந்தாள். தனக்குப் பிரஷர் இருப்பதாகவும், வெக்கை கூடாது என்று கிளினிக்கில் சொன்னதாகவும் சொன்னாள். தேத்தண்ணி நன்றாக இருந்தது.

கோழிகளைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி மூன்று கிழமை தவணை கொடுத்தேன். தவணை முடிந்து, சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றில் திரும்பப் போனேன். புதுக் குஞ்சுகள் வளர்ந்திருந்தன. அதே முந்நூறு.

நான் கத்தவில்லை. முதலில் சாக்குகளை அவிழ்த்து இறக்கினேன். மொத்தம் பதினான்கு. "அத எடுக்காதீங்க ஐயா, கோழியெல்லாம் செத்துப்போயிரும்" என்று பின்னாலேயே வந்தாள். பிறகு தீனைக் காட்டச் சொன்னேன். தீன் வைக்கிற அறைக்குச் சுவரும் தகரம், கூரையும் தகரம். யன்னல் கிடையாது. அவள் மூட்டையை அவிழ்க்கக் குனிந்தபோது கதவைச் சாத்தி வெளியே கொண்டியைப் போட்டேன்.

"கதவு சாத்திக்கிச்சுங்க ஐயா, கொஞ்சம் தொறந்து விடுங்க" என்றாள். காற்று சாத்தியதாக நினைத்திருக்க வேண்டும்.

நான் அநியாயம் செய்யவில்லை. கோழியின் உடம்பையும் அவளுடைய உடம்பையும் ஒப்பிட்டால், கோழிக்குக் கிடைத்ததைப்போல இரண்டு மடங்கு இடம் அவளுக்கு அந்த அறையில் இருந்தது. கோழி அப்படிக் கிடப்பது நாற்பது நாள். அவளுக்கு நான் நினைத்தது ஒரு மணித்தியாலம். இதை வெளியே நின்று ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். அவள் கேட்டுக்கொள்ளாமல் தகரத்தில் அடித்தாள். பக்கத்து வீடு ஒரு வயல் தள்ளி இருந்தது.

அந்த ஒரு மணித்தியாலத்தைக் கழிக்கக் கனகலிங்கத்தின் கடைக்குப் போனேன். அன்று வவுனியாவிலிருந்து வந்த நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "சேரிட்டைக் கேளுங்கோ, கோழியளைப் பற்றி அவர் சொல்லுவார்" என்று கனகலிங்கம் என்னை அறிமுகப்படுத்தினார். சொன்னேன். இடம், காற்று, தண்ணீர், தலைகீழாகத் தொங்கவிடுவது எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளை எழுதிக்கூட எடுத்தாள். எனக்கு முன்னால் கோழிக்கறியும் சோறும் வந்தன. சாப்பிட்டேன்.

"பேச்சியம்மா போன் எடுக்கிறா இல்லை சேர்" என்று இடையில் கனகலிங்கம் சொன்னார்.

"வேலையா இருப்பா" என்றேன்.

நான் எழும்பியபோது நாலு மணி தாண்டிவிட்டது. கதவைச் சாத்தியது பன்னிரண்டுக்கு.

போய்ப் பார்த்தால் கோழிகள் வாயைத் திறந்தபடி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நாற்பதுக்கு மேல் செத்துவிட்டன. சாக்கு உண்மையிலேயே வெக்கைக்குத்தான் என்பது அப்போதுதான் விளங்கியது. வன்னியில் கோழி வளர்க்கிற எல்லாருக்கும் தெரிந்த விடயமாம். அவளும் சொல்லியிருந்தாள், நான்தான் சாட்டுச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். அந்தப் பிழையை நான் மறைக்கவில்லை. அந்தக் கோழிகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதைக்கிறது.

வந்தவுடன் ஏன் கதவைத் திறக்கவில்லை என்று சார்ஜன்ட் ஐயா மூன்று தடவை கேட்டார். அறைக்குள் சத்தம் கேட்டதா என்றும் கேட்டார். கேட்டது. நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல மெதுவான சத்தம். ஒரு தடவை தண்ணீர் என்றும் கேட்டது. ஆனால் வாயில்லாத உயிர்கள் எதிரே செத்துக்கொண்டிருக்கும்போது, வாயுள்ள ஒருத்தி கொஞ்சம் பொறுக்கலாம். கிணற்றில் அள்ளிச் சாக்கை நனைத்து, ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டத் தொடங்கினேன். என் வயதுக்கு அது லேசான வேலையில்லை.

ஒன்பதாவது சாக்கை நனைக்கும்போது தட்டுகிற சத்தம் நின்றது. ஒரு வழியாகப் பொறுமை படித்துவிட்டாள் என்று நினைத்தேன். மிச்சம் ஐந்தையும் நன்றாக நனைத்து, இழுத்துக் கட்டிவிட்டுத்தான் போய்க் கதவைத் திறந்தேன்.