தம்பிராஜாவின் பெயர் ஒட்டிய கட்டி

எனக்குப் பாகற்காய் பிடிக்காது, டாக்டர். ஆனாலும் ஐம்பது வருடமாகப் போகிக்குப் போகி சாப்பிட்டு வருகிறேன். மலாய் பேசும் எங்கள் கம்போங் செட்டிக் கிராமத்தில் அன்றைக்கு, செத்துப்போனவர்களுக்கு இலை போட்டு, அவர்கள் விரும்பியதைப் படைப்பார்கள். தம்பிராஜாவுக்குப் பாகற்காய் என்றால் உயிர். படைத்ததை வீட்டில் இருப்பவர்கள்தானே சாப்பிட வேண்டும்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் நான் ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் இருந்தேன். வெட்டியெடுத்த சதைத் துண்டை மெழுகுக் கட்டியில் பதித்துப் பெயர் ஒட்டுவது என் வேலை. தம்பிராஜா என் நண்பன். அவன் மனைவி சிவகாமசுந்தரியை முதலில் பார்த்தது நான், கட்டிக்கொண்டது அவன். அவனுடைய வயிற்றுத் துண்டு என் மேசைக்கு வந்தது.

"நீ பாக்குற வேலைதானே, நல்லையா, எனக்கென்ன பயம்?" என்று சிரித்தான். அவன் எதற்கும் சிரிப்பான். எனக்கு வயிறு எரியும்.

மைக்ரோஸ்கோப் கண்ணாடி வழியே பார்த்தேன். புற்று, ஆனால் ஆரம்பம்தான், வெட்டியெடுத்தால் பிழைப்பான். பக்கத்தில் சுப்பையன் என்பவருடைய மெழுகுக் கட்டி இருந்தது, அதில் வெறும் புண். பெயர்களை மாற்றி ஒட்டினேன். தம்பிராஜாவுக்கு வெறும் புண்தான் என்று பால் குடிக்கச் சொன்னார்கள். சுப்பையனுக்கு வயிற்றை எடுத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. அவரோடு எனக்கு ஒரு பகையும் கிடையாது.

அடுத்த போகிக்குத் தம்பிராஜாவுக்கு இலை விழுந்தது. பிறகு சிவகாமசுந்தரி என்னைக் கட்டிக்கொண்டாள். தம்பிராஜாவின் கைக்குழந்தை விஜயா என்னைத்தான் 'பா' என்று கூப்பிட்டாள்.

பல வருடம் கழித்து நீங்கள் வந்தீர்கள். தம்பிராஜாவின் அண்ணன் பிள்ளைகளுக்கு வரிசையாக வயிற்றுப் புற்று. குடும்பத்தில் மரபணுக் கோளாறு என்றீர்கள். அவன் பெயர் இருந்த பழைய மெழுகுக் கட்டியைத் தேடியெடுத்து, மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தீர்கள். அதில் கோளாறு இல்லை, ஆகவே விஜயாவுக்குச் சோதனை வேண்டாம் என்று சொன்னீர்கள்.

"தாக் பாயா தாக்குத்லா, பா. பயப்படாதீங்க, எனக்கு ஒன்னும் இல்லையாம்" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். நீங்கள் படித்தது சுப்பையனை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்ன நிமிடமே அவள் தம்பிராஜாவின் மகளாகிவிடுவாள். நான் தூக்கி வளர்த்த பெண், டாக்டர். வலி வரும்வரை நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதி நான் கொடுத்தது. அவள் செத்த பிறகு, அவள் உடம்பில் அந்தக் கோளாறு எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். சொல்லிவிட்டேன்.

நாளைக்குப் போகி. இந்த வருடம் விஜயாவுக்கும் இலை உண்டு. அதைத் தம்பிராஜாவின் இலைக்குப் பக்கத்தில் போடக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.