தொடர்பு அறுந்தாலும் ஓடட்டும்

குளத்தூர் பக்கம் மாசியிலேயே வெயில் ஏறிவிடும். அதனால் பெண் வீட்டாரைக் காலையிலேயே எங்கள் அரிசி மில்லுக்கு வரச் சொல்லியிருந்தேன்.

புது இயந்திரங்களை இணைத்தது என் மகன் செம்மல். கட்டுப்பாட்டு அறையிலிருந்து மில் வரை கண்ணாடி இழைக் கேபிள். அங்கே ஒரு பெட்டியில் அது முடிந்து, செம்புக் கேபிளாக இயந்திரத்துக்குப் போகும். வெளியாள் கை படவில்லை என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியிருந்தேன். ஆனால் மடக்கினால் கண்ணாடி இழை பழுதாகும் என்று தெரியாமல், சுவர் மூலையில் அதைச் செம்புக் கம்பி போல மடக்கிக் கட்டிவிட்டான். தொடர்பு விட்டு விட்டு அறுந்தது. அறுந்தால் இயந்திரம் தானாக நிற்கும்.

பெண்ணின் தகப்பனார் தங்கமுத்து முன்னாலும் நின்றது.

“என்ன சம்பந்தி, மில்லுக்கும் இன்னைக்கு விரதமா?” என்றார். அவருடைய மச்சினர்கள் சிரித்தார்கள்.

செம்மலைத் தனியாக அழைத்து, தொடர்பு அறுந்தாலும் ஓடும்படி மாற்றச் சொன்னேன்.

“அப்பா, நம்ம ஆளுக அந்தச் செம்புக் கேபிளக் கழட்டி வச்சுக்கிட்டா ஓடாதுன்னு நம்பித்தான் உள்ள எறங்குவாக. நாகராசுகிட்டயாவது சொல்லிர்றேன்.”

“மொதல்ல மாத்து. அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

மாற்றினான். ஓடியது. தங்கமுத்து தலையசைத்தார். கொஞ்ச நேரத்தில் நெல் தள்ளும் திருகில் சாக்குத் துண்டு சிக்கி, திருகு நின்றது. மில் ஆள் நாகராசு வழக்கம்போலச் செம்புக் கேபிளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“இந்தா ஓட விட்டுர்றேங்கய்யா” என்று என்னிடம் சொல்லிவிட்டே இறங்கினான்.

சிக்கல் நீங்கியதும் திருகு தானாகச் சுழலும் என்று எனக்குத் தெரியும். ஒரு குரல் போதும். ஆனால் ஏன் என்று தங்கமுத்து கேட்பார். செம்மலின் வேலை அங்கேயே அம்பலமாகும்.

“வாங்க சம்பந்தி, காபி ஆறுது” என்றேன்.

அலறல் கேட்டதும் நான்தான் மெயினை அணைத்தேன். மற்றவர்கள் வருவதற்குள் அவன் பையிலிருந்த கேபிளை எடுத்து மறுபடி மாட்டினேன். கழற்ற மறந்துவிட்டான் என்று அவன் மனைவி மூக்காயியிடம் சொன்னதும் நான்தான். அவள் என் காலில் விழுந்தாள்.

“என் மனுசன் பண்ணுன தப்புக்கு ஒங்க பேரு கெட்டுப்போச்சேய்யா.”

அவளை மன்னித்தேன்.

நேற்று செம்மல் உங்களிடம் வந்து பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டானாம். அதனால்தான் வந்தேன். நாகராசு சாவான் என்று தெரிந்தே நான் வாய் திறக்கவில்லை, இன்ஸ்பெக்டர். கொலை என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் மகன் இழுத்த கேபிளில் கோளாறு என்று மட்டும் எழுத வேண்டாம்.