தலைவர் கூப்பிடாத தட்டு

தட்டு பறந்துச்சு, அதை நான் மறுக்கல சார். பட்டனை அமுக்கினதும் நான்தான். எங்க துப்பாக்கி கிளப் தலைவர் கூப்பிட்டாரா இல்லையாங்கறதுதானே உங்க விசாரணை? அதுக்கு வரேன். தப்பு என்னோடதுன்னு நீங்க எழுதிட்டா நாளையிலேருந்து என் ஸ்டூல்ல வேற ஆள். அதனால கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. எழுதிக்கிட்டே பேசாதீங்க, தலையைத் தூக்கிப் பேசுங்க. மரியாதை இல்லாம சொல்லல.

எத்தனையா? பத்தொம்போது வருஷம்... ஓ, வயசா? அம்பத்திரெண்டு.

நீங்க வெளியிலேருந்து வந்த நடுவர். எங்க கிளப்போட நாகரிகமெல்லாம் உங்களுக்குப் பழக்கம் இருக்காது. வாசல்ல பலகை பாத்திருப்பீங்களே, இருபத்திரெண்டு விதி, எல்லாம் தலைவர் உக்காந்து எழுதினது. சுடாத நேரத்துல துப்பாக்கியை மடக்கித் திறந்தே வச்சிருக்கணும். அடுத்தவர் குறி பாக்கும்போது பேசக் கூடாது, இருமக் கூடாது. காலித் தோட்டாவை மத்தவங்க மேல தெறிக்க விடக் கூடாது. தப்பவிட்டவரைப் பாத்துச் சிரிக்கவும் கூடாது, அவருக்கு யோசனை சொல்லவும் கூடாது. போன மாசம் ரெண்டு பேருக்குக் கைகலப்பு. அப்பக்கூட ஒருத்தர் துப்பாக்கியை மடக்கி, ஸ்டாண்டுல வச்சிட்டு, மன்னிக்கணும்னு சொல்லிட்டுத்தான் சட்டையைப் பிடிச்சாரு. அவ்வளவு பண்பான இடம்.

என் வேலை என்னன்னா, அஞ்சு பேர் வரிசையா நிப்பாங்க, நான் பின்னால உக்காந்திருப்பேன். முறை வந்தவர் புல்னு குரல் குடுக்கணும், இங்கிலீஷ்ல இழுன்னு அர்த்தமாம். நான் அமுக்கினா முன்னால குழியில இருக்கற மெஷின் ஒரு மண் தட்டை வீசும். பறக்கறப்பவே அதைச் சுடணும். வந்த புதுசுல, என்னடா இது, பெரிய மனுஷங்கல்லாம் காலங்கார்த்தால வரிசையில நின்னு புல்லு கேக்கறாங்களேன்னு நினைச்சேன். அதைக்கூட யார் ஒழுங்கா சொன்னாங்க? டாக்டர் ஹாம்பாரு. வக்கீலுக்கு யாரோ காலை மிதிச்ச மாதிரி ஒரு சத்தம். துணிக்கடைக்காரருக்குப் பாதி ஏப்பம். எல்லாத்துக்கும் உடனே தட்டு போயாகணும். அடிச்சா அவங்க கண்ணு, தப்பினா என் விரல்.

இன்னிக்குக் காலையில போட்டியில தலைவரும் டாக்டரும் சமம். தலைவருக்குக் கடைசித் தட்டு. துப்பாக்கியைத் தோள்ல ஏத்தினாரு, கன்னத்தைக் கட்டையில ஒட்டினாரு. தட்டு போச்சு. சுட்டாரு. தட்டு கீறல்கூட இல்லாம போய்த் தரையில உக்காந்துச்சு. கூப்பிடாம தட்டு வந்தா, சுடாம இறக்கிட்டா வேற தட்டு உண்டு. சுட்டுட்டா சுட்டதுதான். நான் சொல்லணுமா, உங்க சட்டம். திடுக்கிட்டு விரல் பட்டுடுச்சுன்றாரு. பட்டிருக்கலாம். தட்டு உடைஞ்சிருந்தா திடுக்கிட்டேன்னு சொல்லியிருப்பாரா?

என்னது? வரிசையில நின்ன மத்த நாலு பேரும் குரலே வரலைன்னு எழுதிக் குடுத்துட்டாங்களா? சரிதான் சார். குரல் வரல. வாயில மிட்டாய் இருந்துச்சு, எப்படி வரும்? வரிசையில நிக்கும்போது எதையும் மெல்லக் கூடாது, பதினாலாவது விதி. புதினா மிட்டாய். கடிச்சாரு, நான் அமுக்கிட்டேன்.

இல்ல சார், கடிச்ச சத்தத்துக்கு இல்ல. காதுக்குக் கீழ தாடை அசைஞ்சுது. டாக்டருக்குத் தோள் லேசா ஏறும், வக்கீலுக்குக் கழுத்து நரம்பு புடைக்கும், தலைவருக்குத் தாடை. ஆறு வருஷமா இப்படித்தான் ஓட்டறேன். ஒரு தட்டு பிசகினதில்ல, யாருக்கும் சந்தேகமும் வந்ததில்ல.

மூடியா? எல்லாரும் மாட்டியிருக்காங்களே, ஹெட்போன் மாதிரி, அதுதானே? உறுப்பினரும் விருந்தினரும் காதை மூடியே ஆகணும்னு விதி இருக்கு. நான் ரெண்டுலயும் சேத்தி இல்ல. ஒருதடவை கேட்டுப் பாத்தேன். நீ காதை மூடிக்கிட்டா நாங்க கூப்பிடறது உனக்கு எப்படிக் கேக்கும்னாரு தலைவர். நியாயம்தானே. நான் திரும்பி வந்துட்டேன். வீட்ல என் சம்சாரம் அவ தங்கச்சிகிட்ட, இவரு இப்பல்லாம் எதிர்த்தே பேசறதில்ல, ரொம்பத் திருந்திட்டாருன்னு பெருமை பேசிட்டிருந்தா. அவ வாயைத்தான் பாத்துட்டிருந்தேன்.

என்ன எழுதறீங்க? கொஞ்சம் இப்படித் திருப்புங்க. தவறாகக் கேட்டுவிட்டார்னா? என் வேலைக்காகத்தான் பாக்கறீங்க, புரியுது. அதை அடிச்சிடுங்க சார். கேட்டாத்தானே தப்பாக் கேக்க முடியும்.