ஐம்பதாவது பை

நாகையா எனக்குத் தரவேண்டியிருந்தது முந்நூற்று நாற்பது ரிங்கிட். அங்கிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சரியாக வரும், இன்ஸ்பெக்டர் குகன் சார். வாக்குமூலத்தை நீங்களே டைப் அடித்து என்னிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்றீர்கள். நானே எழுதுகிறேன் என்று நான்தான் கேட்டேன். ஐம்பத்தொரு வயதில் எழுத்துப் படித்தவன் நான். மாதா கோயில் மண்டபத்தில் ஜோசஃபின் டீச்சர் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வகுப்பு எடுத்தார். ஸ்டானிஸ்லாஸ் என்ற என் பேரை எழுதவே ஒரு மாசம் ஆனது. மெதுவாகத்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் நாகையாவும் கிள்ளானில் ஒரே கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவர்கள். மகளின் பள்ளி பஸ் காசுக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியதுதான் அந்தத் தொகை. நான் கேட்கவில்லை. அவனுக்குத்தான் உறுத்தல். அவன் ஒரு மலாய்க்காரரிடம் பெக்காம் போடக் கற்றுவைத்திருந்தான். முதுகில் கப் வைத்து உறிஞ்சி, பிளேடால் கீறி, கெட்ட ரத்தம் எடுக்கிற வைத்தியம்.

"அண்ணே, காசு இப்போ இல்லை லா. முதுகைக் காட்டுங்க. ஒரு தடவைக்கு நாப்பதுன்னு கழிச்சுக்கலாம்."

"என்கிட்டயே ரத்தம் எடுக்கிறியா? நான் ஊருக்கே கொடுக்கிறவன்டா."

"நீங்க கொடுக்கிறது நல்ல ரத்தம், நான் எடுக்கிறது கெட்ட ரத்தம். ரெண்டும் வேற டிபார்ட்மெண்ட்ணே."

வலிக்காது என்று காட்ட முதலில் தன் கெண்டைக்காலில் இரண்டு கீறல் போட்டுக்கொண்டான். பிறகு அதே பிளேடைச் சுடுதண்ணியில் அலசி என் முதுகில் வைத்தான். அவன் கண் மஞ்சளாக இருந்தது. வெயில்லே நின்னா இப்படித்தான் என்றான். சரி என்றேன். முதுகு லேசானது. பாக்கி முந்நூறு.

அதிலிருந்து பதினெட்டாம் நாள், ஞாயிறு பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் ரத்ததான முகாம்.

என் ரத்ததானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை கொடுத்தது, கொடுத்தால் மைலோவும் பிஸ்கட்டும் கிடைக்கும் என்றுதான். அப்புறம் பழகிவிட்டது. மூட்டை தூக்குகிறவனை யாரும் உட்காரச் சொல்வதில்லை. ரத்தம் கொடுக்கப் போனால் படுக்கச் சொல்கிறார்கள், தலையணை வைக்கிறார்கள், கை வலிக்கிறதா என்று கேட்கிறார்கள். எழுத்துத் தெரியாத காலத்தில் நர்ஸ்தான் கேள்விகளைப் படிப்பார், நான் பதில் சொல்வேன். முந்தின நாள் பல் பிடுங்கியதை மறைக்காமல் சொல்லி ஒரு தடவை திரும்பி வந்திருக்கிறேன். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தடவை ஐம்பதாவது. மண்டப வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். 'ஐம்பதாவது முறையாக ரத்தம் வழங்கும் திரு. ஸ்டானிஸ்லாஸ்.' என் பேரை அச்சில் அன்றைக்குத்தான் பார்த்தேன். யாரும் படித்துக் காட்டவில்லை. நானே படித்தேன். பின்னால் நின்றவர்கள் நகருங்க அங்கிள் என்றார்கள். இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

கேள்விப் பாரத்தில் தமிழும் இருந்தது. கடந்த சில மாதங்களில் பச்சை குத்தினீர்களா, காது குத்தினீர்களா, பெக்காம் செய்தீர்களா என்று ஒரு கேள்வி. எழுத்துக் கூட்டிப் படித்தேன். எதிரில் நர்ஸ் தாமரை. சின்னப் பெண், எப்போதும் சிரித்த முகம்.

"ஏன் தங்கச்சி, எல்லா ரத்தத்தையும் மெஷின்ல போட்டுப் பார்க்கிறீங்களே. அப்புறம் எதுக்கு இந்தக் கேள்வியெல்லாம்?"

"புதுசா உள்ளே போன கிருமி கொஞ்ச நாளைக்கு மெஷினுக்கும் தெரியாது அங்கிள். அது உங்களுக்குத்தான் தெரியும்."

நான் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். பேனா நன்றாக எழுதியது.

கொடுத்து முடித்ததும் தாமரை ஒரு சின்ன அட்டை தந்தது. "வீட்டுக்குப் போன பிறகு ஏதாவது ஞாபகம் வந்தா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. இதுல இருக்கிற பை நம்பர் மட்டும் சொன்னா போதும். காரணம் கேட்க மாட்டோம், பையை எடுத்துக் கொட்டிடுவோம்." அப்புறம் பாதர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்றும் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

ரத்தம் கொடுத்த மூன்றாம் நாள் நாகையாவின் மனைவி லெட்சுமி போன் செய்தது. நாகையா ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம். கல்லீரலில் கிருமி, ரத்தத்தின் வழியாக ஒட்டுகிற நோய் என்று டாக்டர் சொன்னாராம். "உங்களுக்கும் பெக்காம் போட்டாராமே அண்ணே. நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க." எடுக்கிறேம்மா, நீ அவனைப் பார்த்துக்கோ என்றேன்.

அந்த அட்டை எங்கே என்று நேற்றுக் கேட்டீர்கள். சான்றிதழ் ஃபிரேமுக்குப் பின்னால் இருக்கிறது. சுவர் கோணல், ஃபிரேம் ஆடிக்கொண்டே இருந்தது. அட்டையை மடித்துச் செருகினேன், ஆட்டம் நின்றது.

அந்தப் போனுக்குப் பிறகும் ஏழு நாள் என் பை ஐஸ் பெட்டியிலேயே இருந்தது என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஆனால் அந்த ஏழு நாளும் நான் அதை நினைக்காமல் இல்லை. போன் வந்த அந்த மூன்றாம் நாள் ராத்திரியே நம்பரை அழுத்தினேன். கடைசி எண்ணை மட்டும் அழுத்தவில்லை. ஐந்தாம் நாள் அட்டையை வெளியே எடுத்தேன். ஃபிரேம் ஆடியது. திரும்ப வைத்துவிட்டேன்.

பேரே கேட்க மாட்டார்கள், யாருக்கும் தெரிந்திருக்காது, பிறகு ஏன் கூப்பிடவில்லை என்றீர்கள். ஊருக்குத் தெரியாதுதான் சார். எனக்குத் தெரியுமே. பையைக் கொட்டிவிட்டால் நான் கொடுத்தது நாற்பத்தொன்பது. சுவரில் மாட்டிய சான்றிதழில் ஐம்பது என்று எழுதியிருக்கும். தினமும் அதைப் படிக்கிறவன் நான் ஒருத்தன்தான். பொய்யைப் படித்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது?

பத்தாம் நாள் அதைச் செமினியிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு ஏற்றினார்கள். ஆபரேஷனுக்கு. ஏற்றிய மூன்று பைகளில் ஒன்று என்னுடையது. நாலு மாசம் கழித்து அந்த அம்மாவின் கண்ணும் மஞ்சளாகி, பிறகு நினைவு தப்பி இறந்துபோனார்கள் என்று சொன்னீர்கள். பையின் நம்பரைப் பிடித்துக்கொண்டே நீங்கள் என் வீட்டுக்கு வந்தது கெட்டிக்காரத்தனம்தான். என் ரத்தத்திலும் அந்தக் கிருமி இருக்கிறதாம். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. உழைத்த உடம்பு.

பெக்காம் போட்டது தெரியும். நாகையாவுக்கு என்ன நோய் என்றும் தெரியும். பாரத்தைப் படித்தேன், பொய் எழுதினேன். கூப்பிட ஏழு நாள் இருந்தது, கூப்பிடவில்லை. எழுத்துத் தெரியாதவன் என்று கோர்ட்டில் சொல்லலாம் என்கிறார் என் வக்கீல் விஜயன். அதை மட்டும் சொல்ல மாட்டேன்.

நாகையா போன மாசம் இறந்துபோனான். காரியம் முடிந்ததும் லெட்சுமி ஒரு கவரில் முந்நூறு ரிங்கிட் கொண்டுவந்தது. "அவர் சொல்லிட்டுத்தான் போனார் அண்ணே, பாக்கி வைக்காதேன்னு." நான் வாங்கவில்லை. போனவன் போய்விட்டான், அந்தக் கணக்கை விட்டுவிட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. நாற்பத்தொன்பது தடவை நல்ல ரத்தம் கொடுத்திருக்கிறேன். செமினிக்காரர்களும் பொறுமையாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால், ஒரே ஒரு பைதானே, என்னைப் போல அவர்களும் விட்டுவிடுவார்கள்.